ஒரே மாடுதான்: பால், கறி, அடிமாடு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உடுமலைப் பக்கம் எனக்கு ஊர். வீட்டில் எப்போதும் மூன்று நான்கு கறவை மாடு இருக்கும். கல்யாணத்துக்கு முன்னால் நாலு வருஷம் ஊர்ப் பால் சொசைட்டியில் பால் அளந்து, கொழுப்புப் பார்த்து, நோட்டில் எழுதுகிற வேலை செய்தேன். இது தெரிந்தவர்கள், மாட்டுக்கறி பற்றி எங்காவது சண்டை வந்தால் என்னிடம் வந்து கேட்பார்கள். சைவக்காரர்கள் கேட்பார்கள், கறி சாப்பிடுகிறவர்கள் கேட்பார்கள், சமீபமாகப் பாலையே விட்டுவிட்ட பிள்ளைகளும் கேட்கிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான் என்பதால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

நீங்கள் கறி சாப்பிடுவீர்களா?

சாப்பிடுவேன். ஆடும் கோழியும் சிறு வயதிலிருந்து. மாட்டுக்கறி எங்கள் வீட்டு வாசலை மிதித்ததில்லை. முதல் தடவை சாப்பிட்டது இருபத்து மூன்று வயதில், ஒரு தோழி வீட்டில், அவள் அம்மா மிளகு தூக்கலாகப் போட்டு வறுத்து வைத்தது. நன்றாக இருந்தது. ஆனால் இரண்டாவது வாய் எடுக்கும்போது எங்கள் வீட்டுப் பசு செவலை ஞாபகம் வந்துவிட்டது. செவலையை நாங்கள் விற்றபோது அவள் எங்கே போகிறாள் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் அது எங்கள் காரியம் என்று அந்த நிமிஷம் வரை நான் நினைத்ததே இல்லை. அப்போதிருந்துதான் இதையெல்லாம் யோசிக்க ஆரம்பித்தேன்.

நான் சுத்த சைவம். பாலும் தயிரும் மட்டும்தான். கறிக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய சம்பந்தம் இருக்கிறது. இதை யாரையும் குத்திக்காட்டச் சொல்லவில்லை, கணக்கு அப்படித்தான் போகிறது.

மாடு சும்மா பால் கொடுக்காது, கன்று போட்டால்தான் பால். சினையாகி ஒன்பது மாதத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும் கன்று போட. அப்புறம் பத்து மாதம் போலக் கறக்கலாம், அதற்குள் மறுபடி சினை ஊசி போட்டாக வேண்டும். இப்படி ஓர் ஈத்துக்கு ஒரு கன்று வந்துகொண்டே இருக்கும், அதில் பாதி காளைக்கன்று. கலப்பின மாடு ஐந்து, ஆறு ஈத்துக்கு மேல் பெரும்பாலும் தாங்காது. கறவை குறையும், மடிநோய் வரும், அல்லது சினை பிடிக்காமல் போகும். அந்த மாட்டுக்கு இயல்பான ஆயுள் பதினைந்து வருஷத்துக்கும் மேலே. ஆக, கறக்கிற காலம் முடிந்த பிறகும் அது சும்மா சாப்பிட்டுக்கொண்டு இருக்கப்போகிற வருஷங்கள் நிறைய இருக்கின்றன. அந்த வருஷங்களுக்கு உங்கள் பால் பாக்கெட் விலையில் ஒரு பைசாகூட வைக்கவில்லை. 2022 நவம்பரில் ஆவினில் பசும்பால் கொள்முதல் விலையை லிட்டருக்கு 32-லிருந்து 35 ரூபாயாக ஏற்றினார்கள். புண்ணாக்கு விலையும் தவிட்டு விலையும் தெரிந்தவர்களுக்கு அந்த 35 ரூபாயில் என்ன மிஞ்சியது என்று தெரியும். வற்றிப்போன மாட்டை விற்று வருகிற பணம்தான் அடுத்த மாட்டுக்கு முதல். அதை வாங்குகிறவர் கறிக்கடைக்காரர். அவர் இல்லை என்றால் உங்கள் காப்பிக்கு இந்த விலையில் பால் கிடைக்காது.

1970-இல் வெண்மைப் புரட்சி தொடங்கியது. 1998 முதல் உலகத்திலேயே அதிகம் பால் உற்பத்தி செய்கிற நாடு நாம்தான். அந்தப் பெருமையோடு சேர்ந்து வந்ததுதான் இத்தனை அடிமாடும்.

காளைக்கன்று என்ன ஆகிறது?

எங்கள் அப்பாரு (தாத்தா) காலத்தில் காளைக்கன்று பிறந்தால்தான் வீட்டில் சந்தோஷம். காங்கேயம் காளை, உழவுக்கு, வண்டிக்கு, கிணற்றில் கவலை இறைக்க. ஜோடி பொருந்திவிட்டால் விலை எங்கேயோ போகும். டிராக்டரும் மோட்டாரும் வந்த பிறகு அந்த வேலை எதுவும் இல்லை. ஜெர்சிக் காளைக்குத் திமிலும் கிடையாது, வெயிலும் தாங்காது. எனவே பிறந்த பத்துப் பதினைந்து நாளில் யாராவது சில நூறு ரூபாய்க்குப் பிடித்துக்கொண்டு போவார்கள். சில வீடுகளில் பால் குடிக்க விடாமல், சும்மா கட்டிப்போட்டு, அதுவாகச் சாகிறது. நான் சொசைட்டியில் இருந்தபோது ஒரு வீட்டில் கண்ணால் பார்த்தேன். இறந்துபோன கன்றின் தோலை உரித்து, உள்ளே வைக்கோல் அடைத்து, நாலு குச்சி கால் வைத்து, கறக்கிற நேரத்துக்குத் தாய்க்கு முன்னால் நிறுத்துவார்கள். தோற்கன்று. தாய் அதை நக்கும். நக்கி நக்கி அந்த வைக்கோல் கன்றின் முதுகில் முடியெல்லாம் ஒரு பக்கமாகப் படிந்து கிடந்தது. நக்க நக்க பால் சுரப்பு விடும், அந்த அம்மா கறந்துகொண்டே என்னிடம் மகள் கல்யாணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். கெட்ட மனுஷி இல்லை. இரண்டு மாடு, குழுக் கடன், வேறு வழி இல்லை.

இப்போது பெண் கன்று மட்டும் பிறக்கிற மாதிரி பிரித்த விந்து ஊசி வந்திருக்கிறது. பத்துக்கு ஒன்பது கிடேரிதான் பிறக்கும். எனக்கு அது நல்ல காரியமாகத்தான் படுகிறது. பிறந்து பட்டினியில் சாவதைவிடப் பிறக்காமல் இருக்கட்டும். ஆனால் வயதான மாட்டுக்கு அது பதில் ஆகாது.

இத்தனை நாள் பால் கொடுத்த மாட்டைக் கடைசி வரை வைத்துக் காப்பாற்றினால் என்ன?

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்ட யாருமே மாடு வைத்திருந்தவர்கள் கிடையாது. ஆனாலும் நியாயமான கேள்விதான், அதனால் செவலை கதையைச் சொல்கிறேன்.

செவலை எங்கள் வீட்டில் ஆறு ஈத்து ஈன்றாள். தலை ஈத்தில் கன்று போட்டபோது அம்மா சீம்பாலில் திரட்டுப்பால் கிண்டித் தெருவுக்கே கொடுத்தார். கன்றுக்குப் பின்னால் விழுகிற இளங்கொடியை வைக்கோலில் சுற்றி அப்பா ஏரிக்கரை ஆலமரத்தில் கொண்டுபோய்க் கட்டினார். மாட்டுப் பொங்கலுக்கு அவள் கொம்புக்கு வர்ணம் அடிக்கிறது என் வேலை. ஆறாவது ஈத்துக்குப் பிறகு நாலு ஊசி போட்டும் சினை நிற்கவில்லை. அந்த வருஷம் மழை இல்லை, சோளத்தட்டு கட்டு விலை ஏறிக்கிடந்தது. அப்பா ஏழு மாதம் வெறுமனே தீனி போட்டார். ஒவ்வொரு நாளும் கறக்கிற மாட்டின் தீனியில் பிடித்துத்தான் இவளுக்குப் போட முடிந்தது, அதனால் அந்த மாட்டுக்கும் பால் குறைந்தது.

பொள்ளாச்சி சந்தைக்குப் போகிற தரகர் ஒருவர் திங்கட்கிழமை சாயங்காலம் வந்தார். துண்டைக் கையில் போட்டு அதற்கடியில் அப்பாவின் விரலைப் பிடித்து விலை பேசினார். மடியையும் பல்லையும் பார்க்கவே இல்லை, இடுப்பில் கை வைத்து அழுத்திப் பார்த்தார். எனக்கு அப்போதுதான் புரிந்தது, கறி எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிறார். அம்மா குளுதாடியில் தவிட்டுத் தண்ணி கலக்கிக் குடிக்க விட்டார், நெற்றியில் மஞ்சள் வைத்தார். எங்கள் பக்கம் மாட்டை விற்றால் கயிற்றைக் கொடுக்க மாட்டோம், கயிற்றோடு போனால் லட்சுமி போய்விடுவாள் என்பார்கள். தரகர் கொண்டுவந்த புதுக் கயிற்றை மாட்டி ஓட்டிக்கொண்டு போனார். பழைய கயிறு கட்டுத்தறியில் அப்படியே தொங்கியது, ரொம்ப நாள் யாரும் எடுக்கவில்லை.

அப்பா செய்தது சரியா என்று கேட்டால், அவர் நிலைமையில் நானும் விற்றிருப்பேன். ஆனால் அதற்கு நாங்கள் வைத்த பெயர் மட்டும் எனக்கு இன்றுவரை ஒப்பவில்லை. "சந்தைக்குப் போய்விட்டது" என்று சொல்லிக்கொண்டோம். அதே வாயால் மாட்டுக்கறி சாப்பிடுகிறவர்களைப் பற்றி எங்கள் தெருவில் என்ன பேசினார்கள் என்று இங்கே எழுத முடியாது.

கோசாலையில் விடலாமே?

நல்ல கோசாலைகள் இருக்கின்றன, அங்கே உழைக்கிறவர்களுக்குக் கும்பிடு. ஆனால் 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் நாட்டில் மாடு மட்டும் 19 கோடிக்கு மேல். அதே கணக்கெடுப்பில் தெருவில் திரிகிற மாடு 50 லட்சம். வெட்டத் தடை கடுமையாக உள்ள வடமாநிலங்களில் ராத்திரி முழுக்க விவசாயிகள் கம்போடு வயலில் காவல் இருக்கிறார்கள், வற்றின மாட்டை ராவோடு ராவாக அடுத்த ஊர் எல்லையில் விட்டுவிட்டு வருகிறார்கள். அந்த மாடு பிளாஸ்டிக் தின்று, லாரியில் அடிபட்டுச் சாகிறது. வெட்டவில்லை என்ற திருப்தி மனுஷனுக்கு. மாட்டுக்கு அதில் என்ன கிடைத்தது?

இன்னொன்று, யாரும் யோசிக்காதது. இயற்கையாகச் செத்த மாட்டை என்ன செய்வது? முன்பு ஊருக்கு வெளியே போட்டால் பிணந்தின்னிக் கழுகு ஒரே நாளில் எலும்பாக்கிவிடும். மாட்டுக்கு வலி ஊசியாகப் போட்ட டைக்ளோஃபினாக் மருந்து, செத்த மாட்டின் உடம்பு வழியாக அந்தக் கழுகுகளை ஏறக்குறைய ஒழித்தே விட்டது. 2006-இல் கால்நடைக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். தமிழ்நாட்டில் இப்போது அந்தக் கழுகைப் பார்க்க நீலகிரி மாயார்ப் பள்ளத்தாக்குக்குத்தான் போக வேண்டும். எங்கள் ஊரில் மாடு செத்தால் ஜேசிபி வரவழைத்துக் குழி வெட்டுகிறார்கள்.

தமிழ்நாட்டில் மாடு வெட்டுவது சட்டப்படி குற்றமா?

முழுக்க இல்லை. 1958-இல் வந்த தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டப்படி, பத்து வயதுக்கு மேல் ஆகி, உழவுக்கும் இனப்பெருக்கத்துக்கும் லாயக்கில்லை என்றாலோ, அடிபட்டோ தீராத நோயிலோ முடங்கிவிட்டாலோ, அதிகாரியிடம் சான்று வாங்கி வெட்டலாம். 1976-இல் அரசாணை போட்டுப் பசுவையும் கிடேரியையும் வெட்டுக்கூடங்களில் வெட்டக்கூடாது என்றார்கள். கேரளத்தில் பசுவதைத் தடைச் சட்டம் கிடையாது. எனவே இங்கே பால் வற்றின பசு வாளையார் தாண்டிப் போகிறது. நடுவில் 2017 மே மாதம் மத்திய அரசு, சந்தையில் வெட்டுக்கு மாடு விற்கவே கூடாது என்று விதி கொண்டுவந்தது. ஒரே வாரத்தில் மதுரை உயர் நீதிமன்றக் கிளை இடைக்காலத் தடை விதித்தது, ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை நாடு முழுவதுக்கும் ஆக்கியது. அந்த இரண்டு மாதமும் சந்தை படுத்துவிட்டது, கறவை மாடு விலையும் சேர்ந்தே விழுந்தது. வாங்குகிற கடைசி ஆள் போய்விட்டால் முதல் ஆளும் வர மாட்டார்.

மாட்டுக்கறி தமிழர் பண்பாட்டிலேயே கிடையாதே?

இருந்தது. அகநானூற்றில் மழவர் என்ற போர்வீரர்கள் கொழுத்த பசுவைத் தின்ற செய்தி இருக்கிறது. புறநானூற்றில் போர் தொடங்கும் முன் பசுக்களைப் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுபோகச் சொல்வதும் இருக்கிறது. இரண்டும் நம் ஆட்கள்தான். மாடு என்ற சொல்லுக்கே செல்வம் என்று பொருள். அந்தச் செல்வத்தைக் கவர்ந்துபோக வந்தார்கள், மீட்கப் போய்ச் செத்தவனுக்குக் கல் நட்டார்கள். 2006-இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கிடைத்த நடுகல்லில் மாடு கவர்வதைக் குறிக்கிற 'ஆகோள்' என்ற சொல் தமிழி என்ற பழைய எழுத்திலேயே வெட்டியிருக்கிறது. மாட்டுக்காக உயிரைக் கொடுத்தவர்களும் மாட்டைத் தின்றவர்களும் ஒரே மண்ணில்தான் இருந்தார்கள்.

திருக்குறள் புலால் மறுக்கச் சொல்கிறதே?

சொல்கிறது, தனி அதிகாரமே இருக்கிறது. அதில் எனக்கு மறக்காதது இது: "தினற்பொருட்டால் கொல்லாது உலகெனின் யாரும் விலைப்பொருட்டால் ஊன்தருவா ரில்." வாங்கித் தின்கிறவன் இல்லை என்றால் விற்கிறவன் இல்லை. கொன்றவன் பாவம் கடைக்காரனோடு போயிற்று, நான் வாங்கினது மட்டும்தான் என்று தப்பித்துக்கொள்ள முடியாதபடி ஒன்றே முக்கால் அடியில் வள்ளுவர் கதவைச் சாத்திவிட்டார். நான் சொல்வது, அதே வாதம் பாலுக்கும் பொருந்தும் என்பது. வள்ளுவர் காலத்தில் காளைக்கு உழவு இருந்தது, பசு வருஷத்துக்கு ஒரு ஈத்து ஓட வேண்டிய கட்டாயமும் இல்லை. இன்றைய பால் அந்தப் பால் இல்லை. குறளை முழுசாக ஏற்றுக்கொண்டு கறியை விட்டவர்களிடம் எனக்கு மரியாதை உண்டு, என் பெரியம்மா அப்படித்தான். அதை அடுத்தவர் தட்டைப் பார்த்துச் சொல்கிற போதுதான் கோபம் வருகிறது.

ஆடு, கோழி சரி. மாடு மட்டும் கூடாது என்பதில் நியாயமே இல்லையா?

உயிர்க்கணக்கு பார்த்தால் இல்லை. ஒரு மாட்டில் கிடைக்கிற கறிக்கு நூறு கோழிக்கு மேல் வெட்ட வேண்டும். பல்லடம் பக்கத்துப் பிராய்லர் பண்ணைக்குள் போய்ப் பாருங்கள், ஆறு வாரம்கூட ஆகாத குஞ்சு, தன் உடம்பைத் தானே தூக்க முடியாமல் உட்கார்ந்திருக்கும். எங்கள் செவலை பதினொரு வருஷம் வெயில் காய்ந்து, கன்றை நக்கி, வரப்பில் மேய்ந்து வாழ்ந்தாள். இரண்டில் எது கொடுமை என்று கேட்டால் நான் கோழியைத்தான் சொல்வேன்.

பழகின மாட்டைத் தின்ன மனசு வராது என்றால் அது எனக்குப் புரிகிறது, நானே அப்படித்தான். ஆனால் அந்த மனசு உங்களுடையது. ஊருக்கே விதியாக்கினால், அதில் அடிபடுவது யார் என்று பார்க்க வேண்டும்.

சாதியைச் சொல்கிறீர்களா?

ஆமாம். 2014-இல் எடுத்த மாதிரிப் பதிவு ஆய்வில் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 97 பேருக்கு மேல் அசைவம். ஆக இங்கே சண்டை கறிக்கு இல்லை, எந்தக் கறி என்பதற்குத்தான். செத்த மாட்டைத் தூக்க வேண்டும் என்று ஊர் ஒரு சாதியைக் கட்டாயப்படுத்தியது, தோலை உரிக்க வைத்தது, பறைக்கும் மிருதங்கத்துக்கும் அந்தத் தோலை வாங்கிக்கொண்டது, ஆம்பூர் வாணியம்பாடியில் பதனிட்ட தோலில் செருப்புப் போட்டுக்கொண்டது. அந்தக் கறியைத் தின்றார்கள் என்பதற்காக மட்டும் தள்ளி வைத்தது. மிருதங்கத்தில் மாட்டுத்தோல், ஆட்டுத்தோல், எருமைத்தோல் மூன்றும் இருக்கிறது. அதை மடியில் வைத்து வாசிக்கலாம், கறி சாப்பிடுகிறவருக்கு வாடகைக்கு வீடு மட்டும் கிடையாது. ஆட்டுக்கறி விலையில் பாதிகூட ஆகாத கறி அது. கூலி வேலை செய்து வருகிறவர் வீட்டில் வாரத்துக்கு ஒரு நாள் பிள்ளைகளுக்கு நல்ல புரதம்.

அப்போ வெட்டுவதில் தப்பே இல்லை என்கிறீர்களா?

அப்படிச் சொல்லவில்லை. கொல்வது கொல்வதுதான், அதற்கு இனிப்பான பெயர் எதுவும் வேண்டாம். ஆனால் கடைசி ஒரு நிமிஷத்தை மட்டும் பார்த்துச் சண்டை போட்டுக்கொண்டு அதற்கு முந்தின இரண்டு நாளை யாரும் பார்ப்பதில்லை. சரக்கு வண்டியில் ஆறு மாட்டுக்கு மேல் ஏற்றக்கூடாது என்று 1978 விதியே இருக்கிறது. நான் பார்த்த லாரிகளில் எண்ணவே முடியாது. படுத்துவிட்டால் மற்றது மிதித்துவிடும் என்று வாலை முறுக்கி எழுப்புவார்கள், கண்ணில் மிளகாய் தேய்ப்பார்கள். ஒரு மாடு இன்னொரு மாட்டின் கண் முன்னால் வெட்டப்படக் கூடாது, சினை மாட்டை வெட்டக்கூடாது, உரிமம் உள்ள கூடத்தில்தான் வெட்ட வேண்டும் என்று 2001 விதிகள் சொல்கின்றன. நல்ல வெட்டுக்கூடம் கட்டுங்கள் என்று கேட்டுப் போராடின ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. லாரியை மறித்து ஓட்டுநரை அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். மறைத்துச் செய்ய வேண்டிய தொழிலாக ஆக்க ஆக்க, மாட்டை ராத்திரியில், தண்ணீர் காட்டாமல், நெருக்கி அடைத்துத்தான் கொண்டுபோவார்கள்.

பாலையும் விட்டு நனிசைவம் ஆகிவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் அல்லவா?

உங்களால் முடிந்தால் செய்யுங்கள், இதில் வாதத்தில் ஓட்டை இல்லாதவர்கள் அவர்கள்தான். பி12 மாத்திரையை மறக்க வேண்டாம். ஆனால் இரண்டு மாடு வைத்துப் பிழைக்கிற பெண்களிடம் போய் இதைச் சொல்ல எனக்கு வாய் வராது. எங்கள் ஊரில் பெண்கள் கையில் நேராகக் காசு வந்த முதல் வழி சொசைட்டிப் பால்தான். நான் செய்தது பாதி. வீட்டில் பாலைப் பாதியாகக் குறைத்தேன், பிராய்லர் கோழியை விட்டேன், மாட்டுக்கறி எப்போதாவது.

மீத்தேன், புவி வெப்பம்?

உண்மைதான், அசைபோடுகிற மாடு ஏப்பத்தில் மீத்தேன் விடும். ஆனால் பாலுக்கான மாடும் அதே ஏப்பம்தான் விடுகிறது, கறிக்காரர் தலையில் மட்டும் இதைக் கட்ட முடியாது.

வீட்டு மாட்டை விற்றே ஆக வேண்டிய நிலைமை. என்ன செய்யலாம்?

இதைக் கேட்டுத்தான் போன மாதம் ஓர் அக்கா அழுதார். அவருக்குச் சொன்னதையே சொல்கிறேன். எழுந்து நிற்க முடியாமல் ஆகிற வரை இழுக்காதீர்கள், நடக்கிற உடம்போடு போனால்தான் வண்டியில் மிதிபடாது. கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டுச் சினை இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். நூறு ரூபாய் குறைந்தாலும் பரவாயில்லை, நேராகப் பக்கத்தில் கொண்டுபோகிற ஆளுக்குக் கொடுங்கள், மூன்று சந்தை சுற்றி விற்கிறவருக்கு வேண்டாம். வண்டியில் எத்தனை மாடு ஏற்றுவீர்கள் என்று வாய்விட்டுக் கேளுங்கள், கேட்கிற ஆள் இருந்தால் ஒன்றிரண்டாவது குறைப்பார்கள். வயிறு நிறையத் தண்ணி காட்டுங்கள். அப்புறம் ஏற்றும்போது நீங்கள் கூட நில்லுங்கள். பழகின ஆள் கழுத்தைத் தடவிக்கொண்டே பலகை மேல் கூட நடந்தால் மாடு தானாக ஏறிவிடும், வாலைத் தொட வேண்டியதே இல்லை. செவலை போன அன்று அப்பா வீட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். அடுத்த மாடு போனபோது தானே பிடித்து ஏற்றிவிட்டு, வண்டி தார் ரோடு ஏறுகிற வரை பின்னாலேயே நடந்துபோய்விட்டு வந்தார்.